சிறைப்புறச் சொல்: வானொலி உரையாடலும் இலக்கிய ஆராய்ச்சியும்

எழுத்தாளர் ஒருவர் இயற்றிய நூல் ஒருவகைச் சான்று. அவரைப் பற்றிப் பிறர் எழுதியது மற்றொரு வகைச் சான்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு சான்றினை இருபதாம் நூற்றாண்டு நமக்குத் தந்துள்ளது. எழுத்தாளரும் சிந்தனையாளரும் வானொலி நிலையத்தில் அமர்ந்து, வினவுவார் ஒருவர்க்கு விடையிறுத்து, நூல்களைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் எந்திர நாகரிகத்தைப் பற்றியும் நிகழ்த்திய உரையாடலே அது. ஆராய்ச்சியாளர் இதனை மேற்கோள் எடுக்கும் களஞ்சியமாகவே பெரும்பாலும் கையாண்டு வருகின்றனர். வேண்டிய விடையை எடுத்துக்கொள்கின்றனர். அவ்விடையைப் பிறப்பித்த வினாவை விட்டுவிடுகின்றனர். யார் கேட்பதற்காக அது சொல்லப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இம்முறை பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

1. கேட்போர் என்னும் உறுப்பு

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுள் உறுப்புகளாக 34 கூறினார். அவற்றுள் மாத்திரை, எழுத்து, அசை, சீர் முதலியன யாப்பின்பாற் பட்டவை. கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் முதலியன பொருளின்பாற் பட்டவை. சொல்லுவோரைக் கூற்று என்னும் உறுப்பாகக் கொள்ளுதல் எந்நாட்டுத் திறனாய்வாளர்க்கும் எளிதில் தோன்றக் கூடியது. கேட்போரையும் செய்யுளின் உறுப்பாகவே கொண்டதுதான் தமிழிலக்கணத்தின் நுட்பம். ஒரு பாட்டின் பொருள் சொல்லுவோர் உள்ளத்தில் முடிந்து விடுவதில்லை. கேட்போர் யாவர் என்பதனாலும் அது வரையறைப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

அகப்பாடல்களில் சிறைப்புறம் என்றொரு நிலை உண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்பான். அவன் நிற்பதை அறிந்த தோழி அறியாதவள் போலத் தலைவியிடம் பேசுவாள். சொல் செல்வது தலைவியை நோக்கி. சொல்லின் பயன் சென்று சேர்வது தலைவனை. முன்னிருப்பாள் ஒருத்தி, பயன் கொள்வான் பிறிதொருவன் என்னும் இம்முக்கோண அமைப்பை உணராமல் அப்பாடலைப் படிப்பவர், அது தோழி தலைவியின்பால் கூறிய வெறும் ஆறுதல் மொழி என்றே கொள்வர். வரைவு கடாதல் என்னும் அதன் உட்கிடை அவர்க்குப் புலப்படாது.

வானொலி உரையாடல் முழுவதும் இத்தகைய சிறைப்புறச் சொல்லே என்பது நம் கருத்து. நிலையத்தின் அறையில் இருப்பவர் இருவர். ஒருவர் வினவ மற்றவர் விடை கூறுகின்றார். ஆயினும் இருவரும் சுவருக்கு அப்பால் கேட்டிருப்போரை உளங்கொண்டே பேசுகின்றனர். வேறுபாடுகளும் உள. அகப்பாடலில் சிறைப்புறத்தான் ஒருவன். அவனைத் தோழி நன்கறிவாள். வானொலியில் சிறைப்புறத்தார் எண்ணிறந்தோர். அவர் முகத்தைப் பேசுவோர் கண்டதில்லை. தலைவன் வேலியைக் கடந்து வரக்கூடும்; வானொலி கேட்போர் உரையாடலின் இடையே புகுந்து ஒரு சொல்லும் கூற இயலாது. ஆதலின் அவர் கேட்க வேண்டியவற்றையும் வினவுவாரே கேட்டாக வேண்டும். இதனால் வினா, வானொலியில் இரட்டைப் பொறுப்பு உடையதாகின்றது.

2. அறிந்தே வினவுதல்

நன்னூலார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுத்தார். விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாக வகுத்தார். இவ்வெட்டனுள் முதல் மூன்றும் நேரிய விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடைப்பொருளைத் தருவதனால் விடையென உடன்படப்படுவன.

வானொலியில் நல்ல வினவுவார் எதிரிருப்போரின் நூல்களை முன்னரே கற்று வருகின்றார். ஆகவே அவர் வினா பெரும்பாலும் அறியா வினா ஆகாது. ஆசிரியன் மாணாக்கனை நோக்கி வினவுவது போன்ற அறிவினாவும் ஆகாது. விடை கூறுவோரே ஈண்டு ஆசிரியர் நிலையில் இருப்பவர். தான் அறிந்ததைப் பிறர் அறியும் பொருட்டுத் தன்னினும் மிக்கார் ஒருவரிடம் வினவுதல் என்று இதனைக் கூறலாம். வடிவால் அறியா வினாவும் உள்ளத்தால் அறிவினாவும் பயனால் கொடை வினாவுமாக நிற்கும் இக்கலப்பே இவ்வகை உரையாடலுக்கு உரிய தனி வினாவாகும்.

இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே ழீத், ழான் அம்ரூஷ் என்பாருடன் நிகழ்த்திய உரையாடல் வரிசை. ழீத் 1947-இல் நோபல் பரிசு பெற்றவர். 1949-இல் இவ்வுரையாடல்கள் ஒலிபரப்பப்பட்ட காலத்தில் எண்பதாம் அகவையை அடைந்திருந்தார். 1951 பிப்ரவரியில் மறைந்தார். அம்ரூஷ் 1906-இல் அல்ஜீரியாவில் கபிலிய இனத்தில் தோன்றிய கவிஞர். எழுத்து வடிவம் பெறாது வாய்மொழியாகவே வழங்கி வந்த தம் இனத்துப் பாடல்களைத் தொகுத்து 1939-இல் நூலாக வெளியிட்டவர். செவிவழி இலக்கியத்தில் வளர்ந்த ஒருவர், ஏட்டு இலக்கியத்தின் முதுபெரும் புலவர் ஒருவரை ஒலிவாங்கியின் முன் இருத்தி வினவினார் என்பது எண்ணத் தக்கது.

ழீத்தின் நூல்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அதற்குத் தாம் கண்ட விளக்கத்தையும் சேர்த்து, நீண்ட வினாவாகத் தொடுப்பது அம்ரூஷின் வழக்கம். ழீத் சில இடங்களில் சுருங்க உடன்பட்டு நிற்கின்றார். சில இடங்களில் நேர்விடை கூறாது நழுவிச் செல்கின்றார். விடையை மட்டும் திரட்டுவோர்க்கு இப்பகுதிகள் வறியனவாகத் தோன்றும். நன்னூலாரின் பாகுபாட்டோடு நோக்குவார்க்கோ, நேரிய விடைகள் எங்கே நின்று போகின்றன, இனமொழியும் வினா எதிர் வினாதலும் எங்கே தொடங்குகின்றன என்பதே ஆராய்ச்சிக்குரிய பொருளாகும். தம்மைப் பற்றித் தம் வாழ்நாள் முழுதும் நாட்குறிப்பாக எழுதி வந்த ஒருவர், பிறர் வினவிய வழி எவ்விடத்தில் வாய் திறவாது நின்றார் என்பதை அந்நாட்குறிப்பு நமக்குக் கூறாது, இவ்வுரையாடலே கூறும்.

இதனை அடுத்து 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் பால் லெயோத்தோ என்னும் முதியவரை ரொபேர் மல்லே வினவிய வரிசை ஒலிபரப்பாயிற்று. லெயோத்தோ 1872-இல் பிறந்தவர். இலக்கிய வட்டத்தார் அன்றிப் பொதுமக்கள் அவரை அதுவரை அறியார். எழுத்தாற் பெறாத புகழைக் குரலாற் பெற்றார் அவர். அவர்தம் சினமும் நகைப்பும் ஒளிவு மறைவற்ற மறுப்பும் கேட்போரை ஈர்த்தன. உரையாடல் 1951-இலேயே நூலாகவும் வந்தது. எனினும் நகையும் வெகுளியும் அச்சில் முழுமையாக ஏறுவன அல்ல. மெய்ப்பாட்டைச் செய்யுள் உறுப்பாகக் கொண்ட நம் மரபினர்க்கு இவ்விழப்பு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

3. வினாவை இழந்த விடை

வினாவை நீக்கி விடையை மட்டும் எடுத்தாள்வதால் விளையும் பிழை எத்துணைப் பெரிது என்பதை ஓர் உரையாடல் தெளிவாகக் காட்டுகின்றது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 1946 செப்டம்பர் 29-இல் மூன்றாம் நிகழ்ச்சி என்னும் பெயரால் கலைக்கும் அறிவுத் துறைக்கும் உரிய ஒலிபரப்பு ஒன்றனைத் தொடங்கியது. 1970-இல் அப்பெயர் நீங்கும் வரை அறிஞர் பலர் அதன்கண் உரையாடினர். கடவுள் உண்மை பற்றிப் பெர்ட்ரண்டு ரசலும் கோப்பிள்ஸ்டன் அடிகளாரும் 1948-இல் நிகழ்த்திய சொற்போர் அதில் ஒலித்ததே. அந்நிகழ்ச்சியில் 1952 சனவரி 14 அன்று, தானியங்கும் கணக்கீட்டு எந்திரங்கள் சிந்திக்கின்றன எனக் கூறலாமா என்னும் பொருள் பற்றி நால்வர் உரையாடினர். கணித அறிஞர் ஆலன் டூரிங், அவர்க்கு ஆசிரியராக விளங்கிய கணித அறிஞர் நியூமன், மூளை அறுவை மருத்துவர் ஜெப்ரி ஜெபர்சன், மெய்யியலார் பிரெய்த்வெயிட் என்போர் அந்நால்வர்.

இவ்வுரையாடலுக்கு முன்வரலாறு உண்டு. 1949-இல் ஜெபர்சன் ஆற்றிய சொற்பொழிவொன்றில், எந்திரம் தான் உணர்ந்த உணர்ச்சியினால் ஒரு பதினான்கடிப் பாட்டை இயற்றும் வரை அதனை மூளைக்கு நிகராகக் கொள்ளல் ஆகாது என்னும் கருத்தை வெளியிட்டார். டூரிங் 1950-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு மறுமொழி தந்தார். பாட்டு எழுதிய எந்திரத்தை ஒருவர் எதிரிருந்து வினவி, இச்சொல்லுக்கு மாறாக இன்னொரு சொல்லை ஏன் இடலாகாது எனக் கேட்பதாகவும், எந்திரம் பொருத்தமுற விடை கூறுவதாகவும் ஒரு கற்பனை உரையாடலையே அம்மறுமொழியாக அமைத்தார். எந்திரத்தின் அறிவை அளக்கும் கோலாக அவர் கொண்டது வினா விடையே என்பது நம் ஆய்வுக்கு மிகவும் பொருந்துவது.

அக்கட்டுரையில் அவர் கூறிய மதிப்பீடு ஒன்று பலரால் எடுத்தாளப் பெறுகின்றது. ஏறத்தாழ 50 ஆண்டுகளில், 5 நிமிட நேரம் வினவிய பின்னர், எதிரிருப்பது மனிதரா எந்திரமா என்பதைச் சராசரி வினவுவார் ஒருவர் சரியாகக் கண்டறியும் வாய்ப்பு 100-க்கு 70-ஐக் கடவாது என்பதே அது. வானொலி உரையாடலிலோ அவர், குறைந்தது 100 ஆண்டுகளாவது ஆகும் என்றார். விடைகளை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், இரண்டே ஆண்டுகளில் டூரிங் தம் கருத்தை மாற்றிக் கொண்டார் என்றோ, முன்பின் முரண்படக் கூறினார் என்றோ முடிவு கட்டுவர்.

வினாவை நோக்கின் முரண் மறைந்து விடுகின்றது. நியூமன் வினவியது யாது? எவ்வகை வினாவுக்கும் தடையில்லாத ஒரு போட்டியில் எந்திரம் வெல்லத் தக்க நாள் மிகத் தொலைவில் தானே உள்ளது என்பதே அவர் வினா. 1950-இன் கட்டுரையில் காலம் 5 நிமிடம் என வரையறுக்கப்பட்டது. வெற்றிக்குரிய அளவும் வரையறுக்கப்பட்டது. வானொலியில் நியூமனின் வினா அவ்வரம்புகளைக் களைந்து, தடையில்லாத வினா என்று களத்தையே அகலப்படுத்தியது. அகன்ற களத்திற்கு நீண்ட காலம் வேண்டும் என டூரிங் உடன்பட்டார். அவர் கூறியது நேர்விடை; வினாவுக்கு உடன்படும் விடை. உடன்பாட்டு விடையின் பொருள் வினாவினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது என்பது இலக்கணம் கற்றார் அறிந்ததே. வினாவைக் களைந்தபின் எஞ்சுவது ஓர் எண் மட்டுமே. அதனைக் கருத்தென எடுத்தாளுதல் பொருந்தாது.

இன்னொரு குறையும் ஈண்டு உண்டு. இவ்வுரையாடலின் ஒலிப்பதிவு இன்று நமக்குக் கிடைத்திலது. டூரிங்கின் குரலைத் தாங்கிய பதிவு வேறு எதுவும் கிடைத்திலது. எஞ்சியிருப்பது தட்டச்சுப் படியே. 100 ஆண்டு என்று அவர் சொன்னபொழுது நகைத்துச் சொன்னாரா, ஆழ்ந்து எண்ணிச் சொன்னாரா, தம் ஆசிரியர்க்கு இணங்கிப் பணிவாற் சொன்னாரா என்பதை இனி எவரும் அறிய இயலாது. கேட்போர் அனைவரும் அன்று எளிதில் அறிந்த ஒன்று, இன்று நுணுகி ஆயும் அறிஞர்க்கும் எட்டாததாயிற்று.

4. கேட்போர்க்காகப் பிறந்த உவமை

சிறைப்புறத்தார் இருக்கின்றார் என்னும் உணர்வு, சொல்லும் முறையையேயன்றிக் கருத்தின் உருவத்தையும் மாற்றக் கூடும். 1959-இன் இறுதித் திங்கள்களில் பிரெஞ்சு வானொலியில் மானிடவியல் அறிஞர் குளோது லெவி-ஸ்ட்ராசை ஜார்ஜ் ஷார்பொனியே வினவினார். அவ்வுரையாடல் 1961-இல் நூலாயிற்று. மானிடவியலார் ஆராயும் தொல்குடிச் சமுதாயங்களுக்கும் இன்றைய சமுதாயத்துக்கும் உள்ள வேறுபாட்டின் அடிப்படை யாது என்பது அவ்வுரையாடலில் எழுந்த பெருவினா.

லெவி-ஸ்ட்ராஸ் இரு பொறிகளைக் கொண்டு இதனை விளக்கினார். ஒன்று கடிகாரம், மற்றொன்று நீராவி எந்திரம். கடிகாரம் தொடக்கத்தில் ஊட்டிய ஆற்றலைக் கொண்டு ஒரே நிலையில் இயங்கி வருவது. நீராவி எந்திரமோ சூடுமிக்க பகுதிக்கும் குளிர்ந்த பகுதிக்கும் உள்ள வேறுபாட்டினால் இயங்குவது. மிகுந்த வேலையைச் செய்வது. ஆனால் தன் ஆற்றலைத் தானே படிப்படியாக அழித்துக்கொள்வது. தொல்குடிச் சமுதாயங்கள் கடிகாரத்தை ஒத்தவை. பெரிய நாகரிகங்கள் நீராவி எந்திரத்தை ஒத்தவை. பின்னவை அடிமை ஆண்டான், உயர்ந்தோர் தாழ்ந்தோர் முதலிய ஏற்றத்தாழ்வுகளையே தம்மை இயக்கும் வெப்பநிலை வேறுபாடாகக் கொண்டவை என்பது அவர் கருத்தின் சாரம். குளிர்ந்த சமுதாயம், வெம்மைச் சமுதாயம் என்னும் இப்பாகுபாட்டை 1962-இல் வெளிவந்த அவர்தம் நூலிலும் காண்கின்றோம்.

இவ்வுவமையின் தன்மை நோக்கத் தக்கது. கடிகாரமும் எந்திரமும் வானொலி கேட்போர் ஒவ்வொருவரும் கண்டறிந்த பொருள்கள். உறவுமுறை அட்டவணைகளாலும் கலைச்சொற்களாலும் துறையறிஞர்க்கு எழுதும் ஒருவர், முகமறியாத பலர்க்கு விளக்க வேண்டிய இடத்தில் வீட்டுச் சுவரிலும் இருப்புப் பாதையிலும் உள்ள பொருள்களை நாடினார். உவமை விளங்காத ஒன்றனை விளங்கிய ஒன்றனால் காட்டுவது. விளங்கியது எது என்பதை முடிவு செய்பவர் கேட்போரே. ஆகவே இவ்வுவமையின் பிறப்பில் ஷார்பொனியேவுக்கும், அவர் யார் பொருட்டு வினவினாரோ அவர்க்கும் பங்குண்டு எனக் கொள்ளுதல் தகும். நூலிலிருந்து இவ்வுவமையைத் தனியே பெயர்த்தெடுத்து, இறுதியான கோட்பாடு போல ஆராய்வோர் அது பிறந்த களனை மறந்தவராவர்.

5. பாட்டே வினாவாதல்

அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் ஸ்டட்ஸ் டெர்க்கல் 1952 முதல் 1997 வரை ஒரே வானொலி நிலையத்தில் எழுத்தாளரையும் இசைவாணரையும் அறிஞரையும் வினவி வந்தார். நிகழ்ச்சிகள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டன. உரையாட வருவோரின் நூலை வரிவரியாகக் கற்று, ஓரங்களிற் குறிப்பெழுதி வருவது அவர் வழக்கம்.

1961-இல் கருப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அவருடன் உரையாடினார். பால்ட்வின் தம் முதற் புதினத்தைச் சுவிட்சர்லாந்து மலையூர் ஒன்றில் இருந்து எழுதி முடித்தவர். பெஸ்ஸி ஸ்மித் என்னும் பாடகியின் இசைத்தட்டுகளை அங்கே கேட்டுக் கேட்டுத் தம் இளமையின் மொழியை மீட்டுக்கொண்டதாக அவரே எழுதியிருந்தார். டெர்க்கல் இதனைப் படித்திருந்தார். ஆகவே உரையாடலைச் சொல்லால் தொடங்காது, அப்பாடகியின் இசைத்தட்டு ஒன்றை ஒலிக்கச் செய்து தொடங்கினார். பாட்டு முடிந்தபின் பால்ட்வின் பேசலானார்.

இங்கே வினா யாது? இசைத்தட்டே வினா. நன்னூலார் வகுத்த ஆறனுள் இது நேரே அடங்காது. சொல் வடிவே இதற்கு இல்லை. எனினும் அது விடையைப் பிறப்பித்தது. அப்பாட்டினைக் கேட்போரும் உடன் கேட்டனர் என்பதனால், பால்ட்வின் மலையூரில் தனித்திருந்து கேட்டதைச் சிறைப்புறத்தார் அனைவரும் கேட்டு, அவர் கூறப்போகும் விடைக்கு அணியமாயினர். அச்சில் இவ்விடத்தில் ஒரு குறிப்பே நிற்கும். அக்குறிப்பைப் படிப்போர் பாட்டு ஒலித்தது என அறிவர், பாட்டைக் கேளார். எச்சம் என்னும் உறுப்பைச் சொல்லாலும் குறிப்பாலும் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. அச்சிட்ட உரையாடலில் இவ்வெச்சத்தை நிரப்பும் வழி ஒலிப்பதிவைத் தேடிக் கேட்பது ஒன்றே. டெர்க்கல் 2008-இல் மறைந்தார். அவர் பதிவுகள் பேணப்பெற்று, 2018 முதல் இணையவழி எவரும் கேட்குமாறு வெளியிடப்பட்டு வருவதனால் அது கைகூடுகின்றது. டூரிங் உரையாடலுக்கு அது கைகூடவில்லை.

6. பதிப்பு நெறி

மேற்கூறியவற்றால், வானொலி உரையாடலை ஆராயப் புகுவார் கொள்ளத் தக்க நெறிகள் சிலவற்றை நாம் வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, விடையை வினாவோடன்றி எடுத்தாளுதல் கூடாது. வினா நீண்டதாயின் அதன் கருத்தையேனும் சுருக்கித் தருதல் வேண்டும்.

இரண்டாவது, கூற்று, கேட்போர், களன், காலம் ஆகிய நான்கினையும் ஒவ்வோர் உரையாடலுக்கும் தலைக்குறிப்பாக அமைத்தல் வேண்டும். யார் வினவினார், எந்நிலையம் ஒலிபரப்பியது, எவ்வகைக் கேட்போரை எண்ணி ஒலிபரப்பியது, பதிவு செய்த நாளும் ஒலிபரப்பிய நாளும் எவை என்பன அதன்கண் இடம்பெற வேண்டும். சங்கப் பாடல்களின் அடியில் கூற்று விளக்கம் எழுதி வைத்த முன்னோர் செயலை ஒத்ததே இது. அக்குறிப்புகள் இல்லையாயின் சிறைப்புறப் பாடல்கள் பலவற்றின் கருத்தை நாம் இன்று எவ்வாறு அறிவோம்?

மூன்றாவது, ஒலிப்பதிவு, தட்டச்சுப் படி, அச்சு நூல் ஆகிய மூன்றும் மூன்று பாடங்கள் என உணர்தல் வேண்டும். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணும் பயிற்சி தமிழாராய்ச்சி மாணவர்க்குப் புதிதன்று. அப்பயிற்சியையே ஈண்டும் செலுத்தலாம். குரலின் ஏற்ற இறக்கம், நகை, நெடுநேர அமைதி ஆகியவற்றைக் குறியீட்டால் காட்டும் முறையொன்றை வகுத்துக்கொள்வதும் பதிப்பாசிரியர் கடனாகும்.

நான்காவது, ஒலி கிடைக்கும் இடத்து ஒலியையே மூலமாகக் கொள்ளல் வேண்டும். ஓலைச்சுவடி கரையானுக்கு இரையாயிற்று என்று வருந்துகின்ற நாம், காந்த நாடாவும் நாளடைவில் தன் ஒலியை இழக்கும் என்பதை மறத்தல் ஆகாது. சுவடி அழியும்பொழுது சொல் அழிகின்றது. ஒலிநாடா அழியும்பொழுது, சொல் தட்டச்சுப் படியில் எஞ்சி நிற்பதனால், அழிந்தது ஒன்றுமில்லை என்னும் மயக்கம் உண்டாகின்றது. அம்மயக்கத்தாலேயே அழிவு மிகுகின்றது.

சென்னையில் 1938-இலும் திருச்சிராப்பள்ளியில் 1939-இலும் அனைத்திந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. தமிழ்ப் புலவரும் எழுத்தாளரும் பலர் அவற்றின்கண் பேசியுள்ளனர். அவர்தம் உரைகளுள் நூலாக வந்தவற்றைப் படிக்கும் மாணவர், அச்சிட்ட பக்கத்தோடு நின்றுவிடாது, இதனை வினவினார் யார், பதிவு எங்கேனும் உளதோ எனத் தேடப் புகுவாராயின், எழுதப்படாத இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதி எழுதப்படும். முனைவர் பட்டத்திற்குப் பொருள் தேடுவார்க்கு இதனினும் விரைந்து செய்யத் தக்க பணி பிறிதொன்று உண்டெனத் தோன்றவில்லை. அன்று சிறைப்புறத்தே நின்று கேட்டவர்கள் நாளும் குறைந்து வருகின்றனர். அவர்க்காகச் சொல்லப்பட்ட சொல்லை, வினாவோடும் குரலோடும் சேர்த்து அடுத்த தலைமுறையின் செவிக்குத் தருதல் இலக்கிய ஆராய்ச்சியின் கடமைகளுள் ஒன்றாகும்.